அளவுகோலாக இருந்த சிட்டுக்குருவி: இந்தியத் தோட்டங்களில் பறவை நோக்குதலின் வரலாறு

1906–07 வாக்கில் பம்பாயைச் சேர்ந்த, பத்து வயதை ஒட்டிய சிறுவன் ஒருவன் ஒரு சிறு குறிப்பை எழுதிவைத்தான். குதிரைலாயச் சுவரின் பொந்து ஒன்றில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. பெட்டை உள்ளே அடைகாக்க, ஆண்குருவி பொந்துக்கு அருகில் இருந்த ஆணி ஒன்றில் அமர்ந்து காவல் காத்தது. லாயத்தில் நின்ற வண்டியின் பின்னால் ஒளிந்திருந்த சிறுவன் அந்த ஆண்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதிக நேரம் ஆகவில்லை. வேறோர் ஆண்குருவி வந்து அதே ஆணியில் அமர்ந்தது. அதையும் சுட்டான். இவ்வாறு 7 நாட்களில் 8 ஆண்குருவிகள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டைக்குப் புதுத்துணை ஒன்று காத்திருந்ததுபோலவே வந்து சேர்ந்தது.

அந்தச் சிறுவன் சலீம் அலி (1896–1987). தன் வேட்டைத் திறமையைப் பதிந்துகொள்ளவே அக்குறிப்பை எழுதியதாக முதுமையில் அவரே தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். ஆயினும் நாள், எண்ணிக்கை, இடம், நடத்தை ஆகிய நான்கும் அதில் இருந்தன. துப்பாக்கியின் காலம் முடிந்து கண்ணின் காலம் தொடங்கும் எல்லைக்கோட்டில் அக்குறிப்பு நிற்கிறது. அதன் பொருள் அரிய பறவையும் அன்று. யாரும் திரும்பிப் பாராத சிட்டுக்குருவி. வீட்டையும் தோட்டத்தையும் அண்டி வாழும் சாதாரணப் பறவைகளைப் பார்த்து, பெயர் கண்டு மகிழும் வழக்கம் இந்தியாவில் எவ்வாறு உருவாயிற்று, அந்த மகிழ்ச்சி எதைப் பதிவு செய்தது, எதைத் தவறவிட்டது என்னும் வினாக்களுக்கு இக்குறிப்பு நல்ல தொடக்கம்.

வீட்டருகுப் பறவைகளைக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் ஐரோப்பியரோடு வந்ததன்று. குயில் தன் குஞ்சைத் தானே வளர்ப்பதில்லை என்பது வடமொழியில் அதன் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. 'பரப்ருதம்' என்றால் பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். வீட்டின் இறப்பில் வாழும் குருவியைச் சங்கப் பாடல்கள் நன்கு அறிந்திருந்தன. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதை அலகாபாத்தில் தாமே கண்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அவர் வளர்த்த சாரசக் கொக்கு இணை ஒன்று முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததை நாள்தோறும் கவனித்து எழுதிய பகுதிகள், இன்றைய பறவையியலாளர்களும் மதிக்கும் பதிவுகளாகும். ஆனால் இவை தனித்தனிக் கண்களின் கூர்மையாக நின்றன. ஒருவர் கண்டதை மற்றொருவர் சரிபார்த்து, மேலும் ஒன்றைச் சேர்த்துத் தொடர்வதற்கான அமைப்பு அன்று இல்லை.

அந்த அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் உருவானபோது அதன் கருவி துப்பாக்கியாக இருந்தது. மதராஸ் படையில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' என்னும் நூல் அக்காலத்தின் அடித்தளம். பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களையும் அவர் பதிவு செய்தார். அப்பெயர்களைத் தந்தவர்கள் வேடர்களும் பறவை பிடிப்போரும். பறவைகளின் பெயர்கள் அச்சேறின. அவற்றைச் சொன்னவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை அச்சேறவில்லை.

ஜெர்டனுக்குப் பின் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் வந்தார். இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகப் பாடநூல்கள் அறிமுகப்படுத்தும் இவர், 1872இல் தொடங்கிய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்னும் இதழின் வழியே துணைக்கண்டம் முழுவதிலும் இருந்த அதிகாரிகளைப் பறவை சேகரிப்பாளர்களாக மாற்றினார். சிம்லாவில் உள்ள அவருடைய ராத்னி மாளிகை ஓர் அருங்காட்சியகமாகவே விளங்கியது. 1880களின் நடுவில், பல ஆண்டுகளாக அவர் தொகுத்துவைத்த கையெழுத்துப் படிகளைப் பணியாளர் ஒருவர் பழைய தாள் என்று சிம்லா கடைத்தெருவில் விற்றுவிட்டார். மனமொடிந்த ஹியூம், 60,000க்கும் மேற்பட்ட பறவைத் தோல்கள் அடங்கிய தம் தொகுப்பை 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். தோல்கள் பிழைத்தன, குறிப்புகள் அழிந்தன.

இந்நிகழ்ச்சி வெறும் வேடிக்கைக் கதையன்று. பதப்படுத்திய தோலிலிருந்து நிறத்தையும் அளவையும் வகைப்பாட்டையும் அறியலாம். அப்பறவை எப்போது கூவியது, எத்தனை முறை கூடு கட்டியது, ஒரு தோட்டத்தில் எத்தனை இருந்தன என்பவற்றைத் தோல் சொல்லாது. மேலும் சேகரிப்பாளரின் ஆர்வம் இயல்பாகவே அரியவற்றின்மேல் படியும். அறியப்படாத சிலம்பன் ஒன்றுக்காக அவர் பல நாட்கள் மலையேறுவார். வாசலில் கத்தும் தவிட்டுக்குருவிக்குச் சில தோல்கள் போதும். எது மிகுதியாக இருந்ததோ அதைப் பற்றிய பதிவே குறைவாக அமைந்தது. பின்னாளில் பெரிதாகத் தெரியவிருந்த ஓர் இடைவெளி இங்கேதான் தொடங்கியது.

தோட்டத்துப் பறவைகளுக்கென்று தனி எழுத்து பிறந்தது 1883இல். அவ்வாண்டு வெளிவந்த 'தி டிரைப்ஸ் ஆன் மை ஃபிரான்டியர்' என்னும் நூலை எழுதியவர் எட்வர்ட் ஹாமில்டன் ஐட்கன். 'இ.எச்.ஏ.' என்னும் எழுத்துகளால் அறியப்பட்ட இவர் பம்பாய் மாகாணத்தின் சுங்கம் மற்றும் உப்புத் துறையில் பணியாற்றியவர். எலி, கொசு, பல்லி, எறும்பு, காக்கை, தவளை என வீட்டைச் சூழ்ந்த உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல் ஒதுக்கிய அந்நூலில், தோட்டத்துப் பறவைகளுக்கும் தனி இயல் உண்டு. அதே 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்த எண்மருள் இவரும் ஒருவர். ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் இந்திய மருத்துவர் இருவரும் அந்த எண்மரில் இருந்தனர். தொடர்ந்து, ஐட்கனின் 'பம்பாயின் சாதாரணப் பறவைகள்' 1900இலும், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஃபின்னின் தோட்டப் பறவைகள், வளர்ப்புப் பறவைகள் பற்றிய நூல் 1906இலும் வந்தன. குடிமைப் பணி அதிகாரி டக்ளஸ் டூவர், சமவெளிப் பறவைகளை இனங்காண உதவும் திறவுகோல் நூலொன்றை 1910இல் எழுதினார்.

இந்நூல்கள் ஏன் அப்போது எழுந்தன? காலனிய அதிகாரியின் பங்களாவுக்கு அகன்ற தாழ்வாரமும், கோடையிலும் நீர் பாயும் தோட்டமும் இருந்தன. சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கையில், நீரும் நிழலும் பூவும் உள்ள அந்தச் சிறு வட்டத்துக்குப் பறவைகள் திரண்டு வந்தன. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவருக்குக் குயிலின் குரலும் அக்காக்குயிலின் ஓயாத கூவலும் பழகாத ஒலிகள்; அவற்றுக்கு உரியவை எவை என்று அறியும் ஆவல் இயற்கையாகவே எழுந்தது. ஐட்கன் தம் நூலுக்கு 'இந்திய இயற்கையாளர் ஒருவரின் வெளியுறவுக் கொள்கை' என்று துணைத்தலைப்பு வைத்தார். காக்கையையும் எலியையும் எல்லைப்புறப் பழங்குடிகளாக உருவகித்த அந்த நகைச்சுவை, ஆட்சியாளரின் மொழியிலிருந்தே பிறந்தது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சியவரோ, கூடு எங்கே இருக்கிறது என்று காட்டியவரோ இந்நூல்களில் பெரும்பாலும் பெயரற்றவராகவே வந்துபோகிறார். இத்தனைக்கும் இடையில் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. உயிரோடு, தன் இடத்தில், தன் வேலையில் இருக்கும் சாதாரணப் பறவை எழுதத் தக்க பொருளாயிற்று.

சலீம் அலியின் வாழ்க்கை இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடம். சிறுவயதில் அவர் சுட்ட குருவிகளுள் ஒன்றின் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. வீட்டிலிருந்தோர் எவருக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. மாமாவின் அறிமுகக் கடிதத்தோடு இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்ற சிறுவனிடம், செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறி, அலமாரி இழுப்பறைகளைத் திறந்து பறவைத் தோல்களைக் காட்டினார். ஒரே மாதிரி தோன்றியவை உண்மையில் வேறுவேறு என்று தெரியும் அந்தக் கணமே பறவை நோக்குதலின் மகிழ்ச்சிக்கு அடிப்படை. 1930இல் வேலையிழந்து கீஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவி தெஹ்மினாவின் வீட்டில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த தூக்கணாங்குருவிக் குடியிருப்பை அவர் நாள்தோறும் ஏணியில் அமர்ந்து, துணி மறைவிலிருந்து கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெட்டைகள் வந்து பார்த்து, பிடித்த கூட்டைத் தேர்ந்துகொள்கின்றன. ஒருத்தி குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டைக்குக் காத்திருக்கிறது. கூர்ந்து பார்த்த கண்களுக்குக் கிடைத்த இம்முடிவு, துப்பாக்கிக்குக் கிடைத்திருக்க இயலாது.

1941இல் வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் சாதாரணப் பறவைகளுக்கு வேறொரு தகுதியை அளித்தது. புதிய பறவை ஒன்றை இனங்காண முதலில் அதன் அளவு தெரியவேண்டும். அங்குலக் கணக்கு புத்தகத்துக்கு உதவும். மரக்கிளையில் இருக்கும் பறவையை அங்குலத்தால் அளக்க முடியாது. எனவே நூல், வாசகர் முன்பே அறிந்த பறவைகளை அளவுகோலாக்கிக்கொண்டது. சிட்டுக்குருவி அளவு, கொண்டைக்குருவி அளவு, மைனா அளவு, காக்கை அளவு, பருந்து அளவு, கழுகு அளவு என்று படிநிலைகள் அமைந்தன. சற்றுப் பெரியதாயின் கூட்டல் குறி. சற்றுச் சிறியதாயின் கழித்தல் குறி. ஐரோப்பியச் சாதகப் பறவைகளை ஒப்பிட்டு விளக்கவேண்டிய தேவை இல்லாமற்போனது. இந்திய வீட்டு முற்றத்தில் வளர்ந்த எவருடைய நினைவிலும் அந்த அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. படிப்போ பணமோ கேட்காத கருவி அது.

அந்நூல் சென்றடைந்த இடங்களுள் ஒன்று சிறைச்சாலை. 1936இல் வெளியான தம் தன்வரலாற்றில் ஜவஹர்லால் நேரு, சிறையில் கண்ட உயிரினங்களுக்கு ஓர் இயலையே ஒதுக்கியிருந்தார். டேராடூன் சிறையில் கேட்ட குயிலின் கூவலும், மழைக்கால அக்காக்குயிலின் விடாத குரலும் அதில் இடம்பெற்றன. சலீம் அலியின் நூலை டேராடூன் சிறையிலிருந்து தந்தை அனுப்பிவைத்ததையும், அதன் பின்னரே பறவைகளை உண்மையில் காணத் தொடங்கியதையும் இந்திரா காந்தி பின்னாளில் நினைவுகூர்ந்தார். விடுதலைக்குப் பின் 1950இல் தில்லியில் உருவான பறவை நோக்கர் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் அவரும் ஒருவர்.

அடுத்த கால் நூற்றாண்டில் தாழ்வாரம் அகன்றது. 1960இல் பிரித்தானியத் தூதர் மால்கம் மக்டொனால்டு, புதுதில்லியில் தாம் வாழ்ந்த அரசு இல்லத்தின் தோட்டத்தில் கூடு கட்டிய பறவைகளைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதினார். படங்கள் கிறிஸ்டினா லோக் எடுத்தவை. அதே 1960இல் ஜாபர் ஃபதேஅலி 'பறவை நோக்கர் செய்திமடல்' என்னும் சிறு இதழைச் சுற்றுக்கு விட்டார். பேராசிரியரும் வங்கி எழுத்தரும் பள்ளி மாணவரும் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்னும் நிலையை அது ஏற்படுத்தியது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஆங்கிலப் பேராசிரியர் கே. கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்னும் புனைபெயரில் 'கேரளத்திலே பட்சிகள்' நூலை மலையாளத்தில் எழுதியிருந்தார். அப்போதைய பிகாரில் இருந்து எழுதிய ஜமால் ஆரா என்னும் பெண்மணி 1970இல் நேஷனல் புக் டிரஸ்டுக்காக இயற்றிய சிறுவர் நூல், பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் தம் மறைவு வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடர்ந்து எழுதிய பத்தியில், காட்டு யானைக்குத் தந்த அதே கவனத்தைத் தெருக் காக்கைக்கும் தந்தார், தமிழிலும் எழுதினார்.

தாய்மொழியில் எழுதப் புகுந்தவர்கள் ஒரு புதிய சிக்கலைச் சந்தித்தனர். வழக்கில் பெயர்கள் இருந்தன. ஆனால் ஒரே பெயர் பல பறவைகளுக்கும், ஒரே பறவைக்குப் பல பெயர்களும் வழங்கின. தமிழில் கரிச்சான் என்றால் பிளவுபட்ட வாலுடைய பறவை. குண்டுக்கரிச்சான் என்றால் இனிமையாகப் பாடும், கறுப்பு வெள்ளை நிறமுடைய, வேறு குடும்பத்துப் பறவை. இப்பெயர்களைக் குழப்பம் என்று ஒதுக்கிவிட்டு ஆங்கிலப் பெயரைப் பெயர்த்துக்கொள்வது எளிது. அவ்வாறு செய்யும்போது உழவரும் ஆயரும் வேடரும் திரட்டிய அறிவு கைநழுவிப் போகும். ஜெர்டனுக்குப் பெயர் சொன்னவர்கள் அச்சில் மறைந்ததைப் போலவே அவர்களின் சொற்களும் மறைந்துவிடும். நீலகண்டன் போன்றோரின் உழைப்பு, வழக்குப் பெயரைக் காத்துக்கொண்டே இனங்களைத் துல்லியமாகப் பிரித்துக்காட்டுவதில் அடங்கியிருந்தது.

இவ்வளவு செழித்த மரபு ஒன்றை மட்டும் செய்யவில்லை. அது எண்ணவில்லை. பறவை நோக்கரின் குறிப்பேட்டில் 'கண்டவை' என்னும் பட்டியல் இருந்தது. புதிய பெயரைச் சேர்ப்பதே மகிழ்ச்சியாக இருந்தது. சிட்டுக்குருவி பட்டியலின் முதல் வரியில் வரும், அல்லது சொல்லத் தேவையில்லை என்று விடப்படும். எல்லாவற்றையும் அளக்க உதவிய பறவையை எவரும் அளக்கவில்லை.

விலை பின்னர் தெரிந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரங்களில் சிட்டுக்குருவி மறைகிறது என்னும் குரல் எழுந்தது. 2010 முதல் மார்ச் 20 சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2012இல் தில்லி அதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. கைப்பேசிக் கோபுரம் காரணம் என்றனர் சிலர். ஓட்டுவீடுகள் மறைந்தது காரணம் என்றனர் சிலர். குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் இல்லை என்றனர் வேறு சிலர். முன்பு எத்தனை இருந்தன என்ற வினாவுக்கோ நினைவுகளே விடையாகக் கிடைத்தன.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு கழுகு. 1980களில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட வெண்முதுகுக் கழுகு அடுத்த இருபதாண்டுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் குறைந்துபோனது. இதனைக் கூற முடிந்ததற்குக் காரணம், பரத்பூரில் கழுகுக் கூடுகளை விபு பிரகாஷ் 1980களில் எண்ணியிருந்ததும் 1990களில் மீண்டும் எண்ணியதுமே. தில்லியின் வேட்டைப் பறவைகளைச் சோவியத் ஆய்வாளர் கலூஷின் எண்ணி 1971இல் வெளியிட்ட கட்டுரையும் ஒப்பீட்டுக்கு உதவியது. வீழ்ச்சி எண்ணால் நிறுவப்பட்டதால் காரணம் தேடப்பட்டது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தே நஞ்சு என்று கண்டறியப்பட்டது. 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. சாதாரணமானவற்றை எண்ணிவைத்த சிலரே அப்பறவைக்குச் சாட்சிகளாயினர்.

இன்று எண்ணும் வழக்கம் பரவியிருக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பறவைகளை எண்ணும் உலகளாவிய கொல்லைப்புறக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியர் பங்கேற்கின்றனர். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களிலும் கணக்கெடுப்பு நடக்கிறது. இத்தகைய பதிவுகளிலிருந்தே 2020இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை எழுந்தது. ஏறத்தாழ 15,500 பேர் அளித்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 867 இனங்களை அது மதிப்பிட்டது. சிட்டுக்குருவி நாடு முழுவதையும் நோக்க நிலையாக இருக்கிறது. பெருநகரங்களில் குறைந்துவருகிறது என்பது அதன் முடிவு. நினைவுகள் பொய்யல்ல, அவை நகரங்களின் நினைவுகள். 2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. குயிலும் மயிலும் மாடப்புறாவும் பெருகிவர, மின்கம்பியில் எங்கும் காணலாம் என்று கருதப்பட்ட பனங்காடை குறைந்துவருவதை அது சுட்டிக்காட்டியது. எவரும் அருகிவரும் பறவையாக நினைத்திராத ஒன்றின் சரிவு, எண்ணப்பட்டதால் காலத்தே தெரிந்தது.

இத்தரவுகளுக்கும் எல்லைகள் உண்டு. பறவை நோக்கர் நிறைந்த பகுதியில் பறவைகள் பற்றிய செய்தியும் நிறைகிறது. ஆர்வலர் குறைந்த மாவட்டங்கள் வெற்றிடமாகத் தெரிகின்றன. கைப்பேசியும் ஓய்வும் உள்ளவரின் கொல்லைப்புறமே மிகுதியாகப் பதிவாகிறது. பங்களாத் தாழ்வாரத்தின் பழைய கேள்வி, யாருடைய தோட்டம், யாருடைய கண், யாருடைய சொல் என்பது, வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. சூழலியல் மாணவருக்கு மட்டுமன்றி வரலாற்று மாணவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. பழைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் உள்ளூர்ப் பெயர்ப் பட்டியல்களும் இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. சிம்லாவில் தாள் விலைக்குப் போனவை ஹியூமின் குறிப்புகள் மட்டுமே. பரண்களில் உறங்கும் குறிப்பேடுகள் பல இருக்கக்கூடும்.

தோட்டத்துப் பறவையைப் பார்ப்பது எளிய மகிழ்ச்சி. காலை நேரத்தில் செம்பருத்தியில் தேன்சிட்டு வருவதையும், சுவரோரம் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகு புரட்டுவதையும் பார்த்திருப்பதற்கு வேறு நியாயம் எதுவும் தேவையில்லை. அந்த மகிழ்ச்சியோடு நாளையும் எண்ணையும் சேர்த்து எழுதிவைத்தால், அது இன்னொரு தலைமுறையின் சான்றாகிறது. குதிரைலாயத்தில் ஒளிந்திருந்த சிறுவனுக்கு அது தெரியாது. தன் குறி தப்பவில்லை என்பதைக் காட்டவே அவன் நாட்களையும் குருவிகளையும் எண்ணினான். எண்ணி எழுதியிருந்ததால்தான், துணையிழந்த பெட்டைக்குருவி எத்தனை விரைவில் புதுத்துணை பெறுகிறது என்னும் செய்தி அந்தக் குறிப்பில் நூறாண்டு கடந்தும் நிற்கிறது.